புதுப்பிப்பு: ஊரடங்கில் நின்ற கல்யாணம், மண்டப முன்பணம் திரும்பக் கிடைத்தது

2020 ஜூன் 28 அன்று தங்கை கல்யாணம். 24ஆம் தேதியே மதுரையில் முழு ஊரடங்கு வந்து மண்டபம் திறக்கவில்லை. முன்பணம் 40,000 ரூபாயை உரிமையாளர் தர மறுத்ததால் இங்கே கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 56, 65 பிரிவுகளைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபால் அனுப்பச் சொன்னார் ஒருவர். நடத்தவே முடியாமல் போன ஒப்பந்தத்துக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது அதன் சாரம். அனுப்பினேன், பதிலே இல்லை.

அப்புறம் இன்னொருவர் சொன்னபடி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தேன். இரு தரப்பையும் அழைத்து அங்கே சமரசம் பேசுவார்கள், கட்டணம் கிடையாது. அதுதான் பலித்தது. ரசீதின் பின்னால் 'முன்பணம் திருப்பித் தரப்படாது' என்று சிவப்பு முத்திரை இருந்தது. அதைப் பார்த்தே பாதி நம்பிக்கை போயிருந்தது. ஆனால் அது நாமாக ரத்து செய்தால்தானே பொருந்தும் என்று சமரசம் பேசியவர் கேட்டதும் உரிமையாளர் இறங்கி வந்தார்.

எதிர்பாராதது, வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய 'மண்டபம் திறக்க முடியாது அண்ணே' என்ற குரல் பதிவு பெரிதும் உதவியது. அழித்துவிடாதீர்கள்.

இரண்டு தவணையில் 37,000 வந்தது. 3,000 விட்டுக்கொடுத்தேன், அவருக்கும் கஷ்ட காலம்தான்.

சமரசம் ஆகாவிட்டால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமில்லை, பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.