ஒரே ஒரு குவெரி ஓட்டினால் போஸ்ட்கிரெஸ் சர்வர் மொத்தமும் விழுகிறது

பாற்கணக்கு:

வணக்கம். ஈரோடு பக்கம் ஒரு பால் கொள்முதல் கம்பெனியில் டேட்டாபேஸ் வேலை முழுவதும் என் பொறுப்பு. டேட்டாபேஸ் மென்பொருள் போஸ்ட்கிரெஸ், பதிப்பு 12; உபுண்டு, 16 ஜிபி ரேம், அதில் ஷேர்டு பஃபர்ஸ் (எல்லா பிராசஸும் பகிரும் மெமரி) 4 ஜிபி. மூன்று வருடமாக ஒரு தொந்தரவும் கிடையாது. இந்த வாரம் மட்டும் மூன்று முறை விழுந்துவிட்டது. மூன்று முறையும் ஒரே குவெரி.

சில கொள்முதல் நிலையங்களில் நெட் விட்டு விட்டு வரும். ஒரே கோப்பை இரண்டு தடவை அனுப்பிவிடுவார்கள். ஒரே ரசீது இரண்டு முறை ஏறி, பால் ஊற்றுகிறவருக்குப் பணம் கூடுதலாகப் போய், அடுத்த பில்லில் பிடித்தம் ஆகிறது. மாடு கறவை வற்றிய மாதத்தில் அந்தப் பிடித்தம் வந்தால் கையில் ஒன்றும் நிற்காது. அதைக் கண்டுபிடிக்கத்தான் ஒரு வருடக் கோப்புகளை ஒரு டெம்பரரி டேபிளில் ஏற்றி, ரசீது எண்ணில் குரூப் பை போட்டு (ஒரே எண்ணுள்ள வரிகளை ஒரு குழுவாகச் சேர்த்து), கவுண்ட் ஒன்றுக்கு மேல் வருவதை எடுக்கிறேன். மொத்தம் சுமார் 8 கோடி வரி.

இரண்டு மூன்று நிமிடம் ஓடும். அப்புறம் கனெக்‌ஷன் போய்விடும். என்னுடையது மட்டும் போனால் பரவாயில்லை, எல்லா நிலையங்களுடையதும் சேர்ந்து அறுந்துவிடுகிறது. செவ்வாய்க்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு இப்படி ஆனது. கேனோடு வரிசையில் நின்றவர்களுக்கு ரசீது அச்சாகவில்லை. கொழுப்பு, எஸ்என்எஃப் (கொழுப்பு அல்லாத திடப்பொருள்) எல்லாம் நோட்டில் எழுதி, பிறகு உட்கார்ந்து ஏற்றினோம்.

வொர்க் மெம் (குவெரி வேலைக்கு ஒதுக்கும் மெமரி வரம்பு) அளவை 4 எம்பியிலிருந்து 256 எம்பிக்கு ஏற்றிப் பார்த்தேன், பலனில்லை. போன வருடம் ஒன்றரைக் கோடி வரிக்கு இதே குவெரி ஓடியது. ரேம் சிப் கெட்டுப்போயிருக்குமா?

இரவுப்பணி:

சிப்பைக் கழற்றும் முன் லாகைப் பாருங்கள். சர்வர் பிராசஸ் எந்த சிக்னலில் முடிந்தது என்று எழுதியிருக்கும். 11 என்றால் செக்மென்டேஷன் ஃபால்ட்: எக்ஸ்டென்ஷன், கெட்டுப்போன பக்கம், ஜிட், ரேம் என்று தேட வேண்டும். 9 என்றால் போஸ்ட்கிரெஸ் தானாக விழவில்லை, வெளியிலிருந்து யாரோ கொன்றிருக்கிறார்கள். பெரும்பாலும் அது, மெமரி தீர்ந்தால் பிராசஸைக் கொல்லும் லினக்ஸின் ஓஓஎம் கில்லர்தான். கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் தடயம் இருக்கும்.

எல்லோருடைய கனெக்‌ஷனும் போவதற்குக் காரணம் உண்டு. ஒரு பிராசஸ் பாதியில் செத்தால், பொதுவாக வைத்திருக்கும் ஷேர்டு மெமரியை அது அரைகுறையாக விட்டுப் போயிருக்கலாம். அதனால் மற்ற எல்லா பிராசஸையும் நிறுத்திவிட்டு, மாற்றங்களை எழுதிவைக்கும் வால் (WAL) பதிவை மறுபடி ஓட்டி எழுந்து வரும். தரவைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்கிறது.

பாற்கணக்கு:

சிக்னல் 9தான். டிமெசேஜில் அவுட் ஆஃப் மெமரி என்று போட்டு, அந்த பிராசஸ் சுமார் 11 ஜிபி பிடித்திருந்ததாக இருக்கிறது. வொர்க் மெம் 256 எம்பி என்று வைத்திருக்க, 11 ஜிபி எப்படிப் போனது?

குவெரி ஓடும் திட்டத்தைக் காட்டும் எக்ஸ்பிளெயின் மட்டும் போட்டுப் பார்த்தேன் (அனலைஸ் சேர்க்கவில்லை, அதனால் குவெரி ஓடாது). ஹாஷ் அக்ரிகேட் (குழுக்களை மெமரியில் வைத்து எண்ணும் முறை) என்று வருகிறது. எதிர்பார்க்கும் வரி 67 என்கிறது. 8 கோடி ரசீதில் 67?

பழையகணினி:

அந்த 67தான் திருடன், தங்கச்சி.

டெம்பரரி டேபிளை, பின்னணியில் புள்ளிவிவரம் எடுக்கும் ஆட்டோவாக்யூம் தொடவே தொடாது, உங்கள் செஷனுக்கு வெளியே அது யாருக்கும் தெரியாது. ஆகவே அந்த டேபிளைப் பற்றி எந்தப் புள்ளிவிவரமும் இல்லை. ஒரு நெடுவரிசையில் எத்தனை வெவ்வேறு மதிப்புகள் என்று தெரியாவிட்டால், திட்டம் போடும் பிளானர் 200 என்று வைத்துக்கொள்ளும். கவுண்ட் ஒன்றுக்கு மேல் என்ற நிபந்தனைக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு. அதுதான் 67.

200 குழுதானே, மெமரியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று ஹாஷைத் தேர்ந்தெடுக்கிறது. உண்மையில் கிட்டத்தட்ட ஒவ்வொரு ரசீதும் தனிக் குழு. பதிப்பு 12 வரைக்கும் ஹாஷ் அக்ரிகேட் டிஸ்க்குக்கு இறங்காது. ஓட ஆரம்பித்த பிறகு வொர்க் மெம் அதைத் தடுக்காது, பிடித்துக்கொண்டே போகும். 2020இல் வந்த 13இல்தான் இதைச் சரிசெய்தார்கள்.

டேபிளை ஏற்றியதும், அதே செஷனில், புள்ளிவிவரம் எடுக்கும் அனலைஸ் கொடுங்கள். அப்புறம் எக்ஸ்பிளெயின் பாருங்கள். அதற்கும் பிடிவாதமாக ஹாஷ் வந்தால் அந்தச் செஷனுக்கு மட்டும் எனேபிள் ஹாஷ் அக்ரிகேட்டை ஆஃப் செய்யலாம். வொர்க் மெம்மைப் பழையபடி இறக்கிவிடுங்கள். அது குவெரிக்கு ஒன்று என்ற கணக்கில்லை, ஒவ்வொரு சார்ட்டுக்கும் ஒவ்வொரு ஹாஷுக்கும் தனித்தனி. நிலையங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்தால் 256 எம்பி தாங்காது.

இரவுப்பணி:

இன்னொன்றும் செய்யுங்கள். கெர்னலில் ஓவர்கமிட் மெமரியை (இருப்பதைவிட அதிக மெமரி தரலாமா என்ற அமைப்பை) 2 ஆக வைத்தால், மெமரி பற்றாதபோது அந்த ஒரு குவெரி மட்டும் பிழை சொல்லி நிற்கும், மற்றவர்கள் தப்பிப்பார்கள். போஸ்ட்கிரெஸ் கையேடே இதைச் சொல்கிறது. ஸ்வாப் (ரேமுக்குத் துணையான டிஸ்க் இடம்) அளவையும் ஓவர்கமிட் விகிதத்தையும் பார்த்து வையுங்கள். விகிதம் 50 என்றே இருந்து ஸ்வாப்பும் இல்லையென்றால் பாதி ரேமுக்கு மேல் கிடைக்காது.

பாற்கணக்கு:

சரியாகிவிட்டது. முதலில் அவசரத்தில் இன்னொரு விண்டோவில் அனலைஸ் அடித்தேன், அப்படி ஒரு டேபிளே இல்லை என்றது. அண்ணன் அதே செஷன் என்று சொன்னது அப்போதுதான் உறைத்தது.

அனலைஸுக்குப் பிறகு எதிர்பார்க்கும் வரி 67 போய் 2 கோடியே 60 லட்சத்துக்கு மேல் வந்தது. ஹாஷ் போய், சார்ட், அதன்மேல் குரூப் அக்ரிகேட். டிஸ்க்கில் 2 ஜிபிக்கு மேல் தற்காலிகக் கோப்பு எழுதியது. ஒன்பது நிமிடம் ஆனது. ரேம் அசையவில்லை. இரவு பதினொன்றரைக்குத்தான் ஓட்டினேன், காலை ரசீது ஒன்றும் தடைபடவில்லை.

இரட்டையாக ஏறியவை 23,614 ரசீது. இந்தப் பில் போகும் முன் எடுத்துவிட்டோம். ஓவர்கமிட்டைச் சோதனைச் சர்வரில் வைத்து ஒரு வாரம் பார்க்கிறேன்.

12இலிருந்து நேராக 16க்குப் போனால், இடையில் 13, 14இல் நின்று போக வேண்டுமா?

பழையகணினி:

வேண்டாம். பிஜி அப்கிரேடு என்ற கருவி நேராகவே கொண்டுபோகும். 12க்கு 2024 நவம்பரோடு திருத்தங்கள் நின்றுவிட்டன, தள்ளிப்போடாதீர்கள். மாறியதும் எல்லா டேபிளுக்கும் ஒரு முறை அனலைஸ் கொடுங்கள். 16க்குப் போகும்போது புள்ளிவிவரம் கூடவே வராது, இதே 200 கதை மெயின் டேபிளிலும் வந்து நிற்கும்.