24 வாரம் 1 நாள்: அந்த ஒரு நாள் யாருக்காக?

தையல்காரி (கேள்வி):
தென்காசிப் பக்கம் எங்கள் ஊர். எனக்கு வயது 29. மூத்தவளுக்கு நாலு வயசு, இது இரண்டாவது.

அஞ்சாம் மாச ஸ்கேனுக்கு 19ஆம் வாரத்தில் தேதி கொடுத்திருந்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்னால் மாமனார் தவறிவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வீட்டுக்காரர் திருப்பூருக்கு வேலைக்குத் திரும்பி, நான் போய் ஸ்கேன் எடுத்தபோது 23 வாரம் 3 நாள். ஸ்கேன் பார்த்தவர் ரொம்ப நேரம் வாயே திறக்கவில்லை. அப்போதே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பிள்ளைக்கு இரண்டு சிறுநீரகமுமே உருவாகவில்லை, பனிக்குட நீரும் இல்லை என்றார்கள். இன்னொரு முறை பார்த்து உறுதி செய்துகொள்ள மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே அடுத்த வாரம்தான் தேதி கிடைத்தது. அங்கும் அதே முடிவு. அன்றைக்கு 24 வாரம் 1 நாள். திரும்பி வந்து, கலைத்துவிடலாம் என்று டாக்டரிடம் கேட்டால், "24 தாண்டிடுச்சும்மா, இனிமே கோர்ட்டுக்குத்தான் போகணும்" என்கிறார்.

ஜாக்கெட் வெட்டும்போதுகூடப் பின்னால் பிரித்துவிட இரண்டு விரல் துணி உள்ளே விட்டுத்தான் வெட்டுவேன். பிறந்தாலும் தங்காது என்று அவர்களே எழுதிக் கொடுத்த பிள்ளைக்கு இந்த ஒரு நாள் கணக்கு எதற்கு? மாமியார் சாமி விட்ட வழி என்கிறார். அவரும் அழுகிறார், அவரோடு சண்டை போட முடியவில்லை.

ஓய்வுபெற்ற டாக்டரம்மா:
மகளே, முதலில் ஒன்று. கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்பது தப்பு. கருக்கலைப்புச் சட்டத்தை 2021ல் திருத்துவதற்கு முன்னால் அப்படித்தான் இருந்தது, நிறைய டாக்டர்கள் இன்னும் அந்தப் பயத்திலேயே இருக்கிறார்கள். இப்போது கருவுக்குக் கடுமையான குறைபாடு என்று மெடிக்கல் போர்டு முடிவு செய்தால் 24 வார வரம்பே பொருந்தாது. போர்டில் மகப்பேறு மருத்துவர், குழந்தை மருத்துவர், ஸ்கேன் நிபுணர் இருப்பார்கள். மனு கிடைத்த 3 நாளில் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும், அனுமதித்தால், மனு கிடைத்த நாளிலிருந்தே 5 நாளுக்குள் முடித்துவிட வேண்டும்.

உங்கள் கோபம் நியாயம்தான். 1971ல் சட்டம் வந்தபோது 20 வாரம் என்று வைத்தார்கள். ஸ்கேன் நம் ஊர்ப் பக்கம் எட்டிப் பார்க்காத காலம் அது. அப்புறம் ஸ்கேன் வந்தது, அதுவும் 18லிருந்து 20 வாரத்தில்தான் எடுக்க முடிகிறது. குறை தெரிகிற நாளும் கெடு முடிகிற நாளும் ஒன்றாகப் போனது. 2008ல் மும்பைப் பெண் ஒருவர், வயிற்றுப் பிள்ளைக்கு இதயத்தில் கோளாறு, கலைக்க அனுமதி வேண்டும் என்று உயர் நீதிமன்றம் போனார். அனுமதி கிடைக்கவில்லை.

பச்சிளம் வார்டு நர்ஸ்:
அக்கா, உங்கள் விஷயத்தில் எனக்கு மறுபேச்சே இல்லை. சிறுநீரகம் இல்லாவிட்டால் பனிக்குட நீர் சுரக்காது, அது இல்லாமல் நுரையீரல் வளராது. ஆனால் வரம்பே வேண்டாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். 26, 27 வாரத்துப் பிள்ளைகளைக் கையில் வைத்திருக்கிறேன். என் மோதிரம் அவர்கள் மணிக்கட்டில் ஏறும். அதில் சிலர் இப்போது பள்ளிக்கூடம் போகிறார்கள். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுத்த வழக்கு நினைவிருக்கும். 26 வாரம் 5 நாள், கருவுக்குக் குறை எதுவும் இல்லை. அந்தத் தாய்க்குப் பேறுகாலத்துக்குப் பிந்தைய மனநோய். பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் கர்ப்பமே தெரியாமல் இருந்தது. முதலில் அனுமதித்தார்கள், அப்புறம் எய்ம்ஸ் டாக்டர் ஒருவர் கருவின் இதயத்தை நிறுத்தவா என்று கேட்டு எழுதினார், கடைசியில் மூன்று நீதிபதிகள் முடியாது என்றார்கள். அந்த டாக்டர் நிலையில் நான் இருந்திருந்தால் எனக்கும் கை நடுங்கியிருக்கும். அந்தத் தாயை நினைத்தாலும் தூக்கம் வராது.

வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா:
நீங்கள் மேஜர், உங்கள் சம்மதம் மட்டும் போதும். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டியதில்லை, மாமியாரும்தான். கேட்டால் சட்டத்தில் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். உங்கள் பெயரை வெளியிடவும் கூடாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நேரே போய், போர்டுக்கு என்று எழுதி மனுவைக் கொடுத்து, தேதி போட்டு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். தேதி முக்கியம்.

தையல்காரி:
எல்லாருக்கும் நன்றி. நர்ஸ் தங்கச்சி, வரம்பே வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. அந்த மோதிரத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் மிஷினை ஓட்டாமல் உட்கார்ந்திருந்தேன். ஸ்கேன் காகிதங்கள் இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்தாகிவிட்டது. வீட்டுக்காரர் ராத்திரி பஸ்ஸில் வருகிறார், கையெழுத்துக்காக இல்லை, கூட இருக்கத்தான். ஒரு சந்தேகம்: அந்த 3 நாளில் ஞாயிற்றுக்கிழமையும் சேருமா?

வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா:
அந்த வாதத்துக்கே இடம் கொடுக்காதீர்கள். நாளைக்குப் புதன். காலையிலேயே கொடுத்துவிடுங்கள்.