பிங் 20தான், ஆனாலும் எதிராளி தாவுகிறான்: நெட் செட்டிங்கில் உங்கள் அனுபவம் என்ன?

கவுன்டர்-ஸ்டிரைக் 2 என்ற சுடும் விளையாட்டை ஆடுகிற எல்லோருக்கும் இந்தக் கோபம் ஒரு நாளாவது வந்திருக்கும். ஸ்கோர்போர்டில் பிங், அதாவது செய்தி சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம், 20 மில்லிசெகண்ட் என்று காட்டும். சுவருக்குப் பின்னால் முழுசாக ஒதுங்கிய பிறகும் செத்து விழுவோம். எதிரே ஓடுகிறவன் ஓரிடத்தில் மறைந்து இரண்டடி தள்ளித் தோன்றுவான். மதுரையில் எங்கள் வீட்டில் இது பல மாதம் இருந்தது. பகலில் அலுங்காமல் ஓடும், இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் தொல்லை. எனக்கு இது எப்படிச் சரியானது என்பதை விரிவாகவே எழுதுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்.

திரையில் தெரியும் பிங் சராசரிதான். ஒரு பாக்கெட் (நெட்டில் போகும் செய்தித் துண்டு) 12 மில்லிசெகண்டிலும் அடுத்தது 70-லும் வந்தாலும் சராசரி பார்க்க நன்றாகவே இருக்கும். இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் ஜிட்டர் என்கிறோம். இந்த விளையாட்டின் சர்வர் நொடிக்கு 64 டிக், அதாவது ஏறக்குறைய 15.6 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை உலகத்தைக் கணக்கிடுகிறது. ஒரு பாக்கெட் 60 மில்லிசெகண்ட் பிந்தினால் நாலு டிக் அளவுக்கு எதிராளி எங்கே என்ற செய்தியே நம்மிடம் இல்லை. அவன் தாவுவது அதனால்தான்.

ஒரு இரவு கமாண்ட் பிராம்ப்ட் ஜன்னல் இரண்டைத் திறந்து, ஒன்றில் வீட்டு ரவுட்டருக்கும் இன்னொன்றில் வெளியே உள்ள கூகுளின் 8.8.8.8 முகவரிக்கும் நிற்காமல் பிங் ஓட விட்டேன். ரவுட்டர் பக்கம் 1, 1, 1 என்றே வந்தது. அப்படியானால் கணினிக்கும் ரவுட்டருக்கும் நடுவில் உள்ள ஒயரில் குறை இல்லை. மற்ற ஜன்னலில் 18, 19, 18 என்று வந்துகொண்டிருந்தது திடீரென 140, 230, 260 ஆகி, சில நிமிடம் கழித்து மறுபடி 19-க்கு இறங்கியது. வீட்டில் யார் என்ன செய்கிறார்கள் என்று எழுந்து போய்ப் பார்த்தேன். அக்காவின் போன் சார்ஜில் கிடந்தது. அவள் சேலை வியாபாரத்துக்கு நாள் முழுக்க வீடியோ எடுக்கிறவள். சார்ஜில் போட்டதும் அத்தனையும் தானாக இணையத்தில் ஏறத் தொடங்கிவிடும். அந்த போனில் வைஃபையை அணைத்தால் என் பிங் 19, போட்டால் 240.

எங்கள் லைனில் டவுன்லோடு 100 எம்பிபிஎஸ், அப்லோடு 20 மட்டும். அந்த 20 நிரம்பியதும் மோடம் மிச்சப் பாக்கெட்டுகளைத் தன் பஃபரில் (தற்காலிக நினைவகத்தில்) வரிசையாகப் போட்டு வைக்கிறது. ரேஷன் கடையில் அரைக்கிலோ சர்க்கரைக்கு வந்தவர், மாதச் சாமான் மொத்தத்துக்கும் நிற்கிறவர்களின் பின்னால் மாட்டிக்கொள்வதுபோல, என் விளையாட்டின் குட்டிப் பாக்கெட் அவ்வளவு பெரிய வீடியோவுக்குப் பின்னால் நிற்கிறது. இதற்கு பஃபர்புளோட் என்று பெயர். ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர்தான் இந்தப் பெயரோடு சிக்கலைப் பரவலாகப் பேசவைத்தவர். கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-ல் கோடெல் என்ற வழிமுறையைக் கொடுத்தார்கள். அதிலிருந்து வந்த எஃப்க்யூ-கோடெல், ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரிசை வைத்து, சின்ன வேலைக்காரர்களை முன்னால் அனுப்பிவிடுகிறது.

ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருளை ஏற்றக்கூடிய ரவுட்டர் இருந்தால் இது எஸ்க்யூஎம் என்ற பெயரில் கிடைக்கும். நான் அதை நிறுவி அப்லோடை 18-க்கும் டவுன்லோடை 90-க்கும் கட்டினேன். காசு கொடுத்து வாங்கிய வேகத்தை ஏன் குறைக்கிறாய் என்று அப்பா கேட்டார், நியாயமான கேள்விதான். லைனின் முழு வேகத்துக்குச் சற்றுக் கீழே வைத்தால்தான் வரிசை மோடத்தில் உருவாகாமல் நம் ரவுட்டரில் உருவாகும். அப்போதுதான் அதை நாம் ஒழுங்குபடுத்த முடியும். இப்போது அக்காவின் வீடியோ ஏறிக்கொண்டிருக்கும்போதே பிங் 22, 25 என்று நிற்கிறது.

ரவுட்டரில் ஹார்டுவேர் ஆஃப்லோடு (பிராசஸரைத் தொடாமல் பாக்கெட்டை நேராகக் கடத்தும் வசதி) ஆன் ஆகியிருந்தால் எஸ்க்யூஎம் பெரும்பாலும் வேலை செய்யாது, அதை அணைத்துவிடுங்கள். பழைய ரவுட்டரின் பிராசஸர் அதிக வேகத்துக்குத் திணறும் என்பதையும் கவனத்தில் வையுங்கள்.

*

அருமையாக எழுதியிருக்கிறீர்கள் நண்பரே. என் கதை வேறு மாதிரி. கோயம்புத்தூரில் இருக்கிறேன், வாலரண்ட் என்ற சுடும் விளையாட்டை மும்பை சர்வரில் ஆடுகிறேன். ஜிட்டர் கிடையாது, பிங் மட்டும் 75-ல் அசையாமல் நிற்கும். அதே தெருவில் வேறு நிறுவனத்தின் இணைப்பு வைத்திருக்கும் நண்பனுக்கு 32.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஃபைபரில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. இங்கிருந்து மும்பை நேர்க்கோட்டில் சுமார் 1,000 கிலோமீட்டர். போய் வர 10 மில்லிசெகண்ட் ஆகும். கேபிள் வளைந்து நெளிந்து போவதற்கும் நடுவில் உள்ள ரவுட்டர்களுக்கும் தாராளமாகச் சேர்த்தாலும் 75 வராது. கணினியில் எதை மாற்றினாலும் இது குறையாது என்று அப்போதே புரிந்துவிட்டது.

பாக்கெட் போகும் வழியைக் காட்டும் டிரேஸ்ரூட் போட்டதில் சென்னை வரை 10-க்குள் இருந்தது, அடுத்த ஹாப்பில், அதாவது வழியில் உள்ள அடுத்த ரவுட்டரில், 45-க்குத் தாவியது. அந்த ஹாப்பின் பெயரிலேயே சிங்கப்பூருக்கான மூன்றெழுத்துக் குறி இருந்தது. மும்பைக்குப் போக வேண்டிய பாக்கெட் கடல் தாண்டிப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது! இங்கே ஒன்று கவனியுங்கள்: நடுவில் ஒரே ஒரு ஹாப் மட்டும் அதிகம் காட்டி, அடுத்தடுத்தவை குறைவாக இருந்தால் அது பிரச்சினையே இல்லை. பல ரவுட்டர்கள் பிங்குக்குப் பதில் சொல்வதைக் கடைசி வேலையாகத்தான் வைத்திருக்கும். ஏறியது கடைசி வரை இறங்காமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

கஸ்டமர் கேரில் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்வதைத் தாண்டவில்லை. என் டிரேஸ், நண்பனின் டிரேஸ் இரண்டையும் நேரம் குறித்து மெயிலில் இணைத்து, நெட்வொர்க் பிரிவுக்கு அனுப்பும்படி கேட்டேன். விடாமல் நினைவூட்டிக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் பார்த்தால் 31. பதில் மெயில் எதுவும் வரவில்லை, வழி மட்டும் மாறியிருந்தது.

*

அண்ணே, நான் திருச்சியில் ஹாஸ்டல். வைஃபை தவிர வேறு வழி இல்லாமல்தான் ஆடிக்கொண்டிருந்தேன். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 மூன்றுதான். எங்கள் மாடியில் எத்தனை ஹாட்ஸ்பாட் என்று எண்ணவே முடியாது. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறியதும் பெரிய வித்தியாசம் தெரிந்தது. அப்போதும் சீரான இடைவெளியில் ஒரு வெட்டு வரும். லேப்டாப் பின்னணியில் வேறு வைஃபை இருக்கிறதா என்று தேடும் நேரம் அது. அப்புறம் வார்டனிடம் கேட்டு, வராந்தா சுவரோரமாக கேட்-5இ கேபிள் இழுத்துவிட்டோம். 100 மீட்டர் வரை அது தாங்கும். இப்போது எங்கள் அறையில் வெட்டு இல்லை.

ஒரு சந்தேகம். சீனியர் ஒருவர் பழைய கான்ஃபிக் ஃபைல் (விளையாட்டின் செட்டிங்குகளை எழுதி வைத்த ஃபைல்) கொடுத்தார். ரேட் 25000, அப்டேட்ரேட் 101, கமாண்ட்ரேட் 101, இன்டர்ப் 0.01 என்றெல்லாம் இருக்கிறது. போடலாமா?

*

தம்பி, அது கவுன்டர்-ஸ்டிரைக் 1.6 காலத்துக் கான்ஃபிக். பிரவுசிங் சென்டரில் அதை மனப்பாடமாக அடித்துப் போட்டவர்கள் நாங்கள். அப்போது டீஃபால்ட் அப்டேட்ரேட்டே, அதாவது சர்வரிடம் கேட்கும் செய்திகளின் எண்ணிக்கையே, நொடிக்கு 20தான், அதனால் அதை ஏற்றுவதில் உண்மையான பலன் இருந்தது. இப்போதைய விளையாட்டில் அது தேவையில்லை. நீ பார்க்க வேண்டியது பாக்கெட் இழப்பையும் சர்வர் ஜிட்டரையும் சமாளிக்க வைத்திருக்கும் பஃபரிங் செட்டிங். ஒரு பாக்கெட் வைத்தால் ஏறக்குறைய ஒரு டிக் தாமதம் கூடும், பதிலுக்கு எதிராளியின் அசைவு சீராகும். கேபிள் போட்டுவிட்டாய் அல்லவா, முதலில் பூஜ்யத்தில் வைத்து ஆடிப் பார். தாவல் தெரிந்தால் மட்டும் ஒன்றுக்கு ஏற்று. வாலரண்டிலும் நெட்வொர்க் பஃபரிங் என்று இதே மாதிரி ஒன்று உண்டு. லைன் நன்றாக இருந்தால் மினிமம் போதும்.

விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் நேகிளை (சின்னப் பாக்கெட்டுகளைச் சேர்த்து அனுப்பும் வழிமுறை) அணைக்கச் சொல்லும் வீடியோக்களை நம்பி நேரத்தைச் செலவிடாதே. நேகிள் டிசிபி என்ற, போய்ச் சேர்ந்ததா என்று உறுதிசெய்யும் அனுப்பு முறை சம்பந்தப்பட்டது, இந்த விளையாட்டுகள் அசைவையும் சுடுவதையும் அனுப்புவது யுடிபி என்ற, அப்படிக் காத்திருக்காத முறையில். பெயரை வைத்து முகவரி தேடித் தரும் டிஎன்எஸ்ஸை மாற்றுவதும் அப்படித்தான், சர்வரின் முகவரி கிடைத்த பிறகு அதற்கு வேலை இல்லை. கவுன்டர்-ஸ்டிரைக் 2-ன் மேட்ச்மேக்கிங்கில் (ஆட்களைச் சேர்த்துவிடும் இடத்தில்) ஏற்றுக்கொள்ளும் அதிகபட்சப் பிங்கை மட்டும் 80 அளவுக்கு இறக்கி வை. ஆள் கிடைக்கக் கொஞ்சம் நேரமாகும், ஆனால் உன்னைத் தூரத்து சர்வரில் கொண்டுபோய்த் தள்ளாது.