11 மாதக் குதிரைக் குட்டி: ட்ரிப்பிள் நடை இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மலையடிவாரம் (அண்டர்பெர்க்)

எல்லோருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 68 வயது. இங்கே தென்னாப்பிரிக்காவில் டோங்காட் பக்கம் கரும்புக் காட்டில் உழைத்து உழைத்து இடுப்பு போய்விட்டது, ஆனால் குதிரை ஆசை மட்டும் போகவில்லை. சாதாரணக் குதிரை ஓடினால் தூக்கித் தூக்கிப் போடும். ஒரு நாள் ஏறினால் இரண்டு நாள் படுக்கை. அதனால் ட்ரிப்பிள் போகும், அதாவது வேகமாகப் போனாலும் தூக்கிப் போடாத நடையுள்ள குதிரையாகத் தேடுகிறோம்.

பக்கத்துப் பண்ணையில் ஒரு பெட்டைக் குட்டி இருக்கிறது, 11 மாதம். தாய் பசூட்டோ குதிரை, லெசோத்தோ மலைநாட்டு இனம். அது ட்ரிப்பிள் போவதை நானே பார்த்திருக்கிறேன், ஏறியிருப்பவர் தலையில் தொப்பிகூட ஆடாது. தகப்பன் எது என்று பண்ணைக்காரருக்கே தெரியவில்லை. ஆனாலும் குட்டிக்கும் அதே நடைதான் என்று சொல்லி 4,000 ராண்ட் கூடுதலாகக் கேட்கிறார்.

மூன்று தடவை போய் வேலியோரம் நின்று பார்த்தேன். நாய் குரைத்ததும் வாலைத் தூக்கிக்கொண்டு துள்ளித் துள்ளி ஓடியது. எல்லாக் குதிரையும் ஓடுகிற ஓட்டம்தான். ஆனால் சாயங்காலம் தீவனத்துக்காகச் சரிவில் இறங்கும்போது ஐந்தாறு அடி மட்டும், வலப்பக்கத்துக் கால் இரண்டும் ஒன்றாக, அப்புறம் இடப்பக்கம் இரண்டும் ஒன்றாக, ஒட்டகம் மாதிரி வந்தது. "பாருங்கள், ட்ரிப்பிள்!" என்றார் அவர். எனக்கு நம்பிக்கை வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெருலம் தம்பி

வாலைத் தூக்கித் துள்ளியது என்றால் முடிந்தது கதை, அக்கா. அது சாதாரணக் குதிரை. பணத்தைக் கொடுக்காதீர்கள்.

லாடக்காரன் (எஸ்ட்கோர்ட்)

தம்பி, அப்படி ஒரே போடாகப் போடாதே. ட்ரிப்பிள் போகும் நல்ல நடைக் குதிரையின் குட்டியும் மிரண்டால் துள்ளத்தான் செய்யும். மிரண்ட நேரத்தில் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது.

தங்கச்சி, முதலில் கண்ணை மூடிக்கொண்டு காதால் பார். கெட்டியான மண்பாதையில் ஓடும்போது கேட்க வேண்டும். துள்ளோட்டத்தில் குறுக்குக் கால்கள் ஜோடியாக விழும், முன் வலமும் பின் இடமும். அதனால் சத்தம் இரண்டுதான்: டக், டக். நீ பார்த்த ஒட்டக நடையிலும் இரண்டுதான், ஜோடி மட்டும் பக்கம் மாறியிருக்கிறது. ட்ரிப்பிளில் நான்கு கால்களும் தனித்தனியாக விழும். மேசைமேல் நான்கு விரலை வரிசையாகத் தட்டிப் பார், அந்த ஒலிதான். பின் இடம், முன் இடம், பின் வலம், முன் வலம். சும்மா நடக்கும்போது உள்ள அதே வரிசை, வேகம் மட்டும் கூடும். தரையில் எப்போதும் ஒரு காலாவது இருப்பதால்தான் மேலே இருப்பவரைத் தூக்கிப் போடுவதில்லை.

அப்புறம் பின்னால் நின்று பிட்டத்தைப் பார். துள்ளோட்டத்தில் முதுகு மொத்தமாக எழும்பி விழும். நடைக் குதிரைக்கு இடுப்பெலும்பு இரண்டும் மாறி மாறி இறங்கும், முதுகு அப்படியே மிதந்துகொண்டு போகும்.

சரிவில் வந்த அந்த ஐந்தாறு அடியை வைத்து 4,000 கொடுக்காதே. ட்ரிப்பிளுக்கு அது பங்காளி முறை என்று வேண்டுமானால் சொல்லலாம். ஆனால் இறக்கத்திலும், முதுகு வலித்தாலும், சாதாரணக் குதிரைக்கும் கால் அப்படி ஒருபக்கமாகச் சாய்வது உண்டு. பார்க்க வேண்டிய நேரம் ஒன்றுதான்: சமதரையில், குட்டி நிதானமாக இருக்கும்போது, தாயை முன்னால் நடத்திக்கொண்டு போகச் சொல். தாய் ட்ரிப்பிளுக்கு மாறியதும் குட்டி அதே வேகத்தில் எட்டிப் பிடிக்க என்ன செய்கிறது என்று பார். போனில் மெதுவாக ஓடும்படி வீடியோ எடுத்து வை. ஒரே நாளில் தெரியாவிட்டால் ஒரு மாதம் கழித்தும் எடு. இந்த வயதில் ஒரு மாதம் பிட்டம் உயரும், அடுத்த மாதம் தோள் உயரும், நடையும் கூடவே மாறும்.

நான் ஏமாந்த கதை ஒன்று. மூன்று வயதுக் குதிரை, விற்றவர் ஏறி ஓட்டிக் காட்டினார், நாலு தட்டு அழகாக விழுந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து லாடத்தைக் கழற்றினேன். கையில் வாங்கினால் ஒவ்வொன்றும் இரும்புக் கட்டி! கனமான லாடத்தைப் போட்டு, கடிவாளத்தால் தலையைத் தூக்கிப் பிடித்து வரவழைத்த நடை அது. மூன்று வாரத்தில் துள்ளோட்டம் ஆகிவிட்டது. முப்பது வருடமாக லாடம் அடிக்கிறவன், ஏறும் முன்னே குளம்பைத் தூக்கிப் பார்க்காமல் விட்டேன். இதை வீட்டில் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி

அண்ணன் சொன்னதோடு ஒன்று. 2012இல் ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் டிஎம்ஆர்டி3 என்ற மரபணுவில் குதிரையின் நடையைப் பாதிக்கும் ஒரு மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். கால்கள் எந்த வரிசையில் அசைய வேண்டும் என்று தண்டுவடத்தில் ஒழுங்கு செய்வதில் அந்த மரபணுவுக்குப் பங்கு உண்டு. பிடரி மயிரை வேரோடு பிடுங்கிக் கொடுத்தால் பரிசோதிக்கலாம், கத்தரித்த மயிர் உதவாது. தாய், தகப்பன் இரண்டிடமிருந்தும் அந்த மாற்றம் வந்திருந்தால் நல்ல அறிகுறி. ஒரு பக்கம் மட்டும் வந்திருந்தால் இனத்தைப் பொறுத்தது. ஐஸ்லாந்துக் குதிரைக்கு அதுவே நாலு தட்டு நடைக்குப் போதும், வேறு இனங்களில் போதாமலும் போகலாம். இரண்டும் இருந்தாலும் நடை வந்தே தீரும் என்று உறுதியில்லை, பழக்கவும் வேண்டும்.

குதிரைகளைக் கொல்லும் ஆப்பிரிக்கக் குதிரை நோய்க்குத் தடுப்பூசி போட்டார்களா என்றும் கேளுங்கள். நடையைவிட அதுதான் முதல் கேள்வி.

லாடக்காரன் (எஸ்ட்கோர்ட்)

சரி, கேட்க மறந்தேன். இந்தக் குட்டி மேல் அப்பா எப்போது ஏறுவார்? மூன்று வயதாவது ஆக வேண்டும், அதற்குமேல் பழக்க ஒரு வருடம். அப்பாவுக்கு அப்போது 71, 72. தொப்பி ஆடாமல் போகிற தாய் பக்கத்திலேயே நிற்கிறதே, அதை விலைக்குக் கேட்டாயா?

மலையடிவாரம் (அண்டர்பெர்க்)

அண்ணே, எங்கள் யாருக்கும் இது தோன்றவே இல்லை.

ஞாயிறன்று வீடியோ எடுத்தேன். தாய்க்குப் பின்னால் குட்டி முதலில் துள்ளியது, நடுவில் வேலிக் கம்பம் நான்கைத் தாண்டும் வரை நாலு தட்டு, மறுபடி துள்ளல். அப்பா அதைப் பத்துத் தடவை பார்த்துவிட்டு, "குட்டியை விடு, அந்தத் தாய்க்கு என்ன வயது?" என்றார். பல்லைப் பார்த்ததில் ஒன்பது இருக்கும் என்கிறார்கள். தடுப்பூசி போட்டிருக்கிறது. விலை இன்னும் படியவில்லை. சனிக்கிழமை அப்பா ஏறிப் பார்க்கிறார், குளம்பை நான் தூக்கிப் பார்த்த பிறகு.