பாஸ் மீனுக்குத் தரை ரிக்: எவ்வளவு எடை ஈயம் போடுவது?

நீர்க்காகம்:
இதுவரை நீரின் மேல்மட்டத்தில் ஓடும் லூர்தான் (செயற்கை இரை) வீசிக்கொண்டிருந்தேன், இப்போது நீரின் அடித்தரையைத் தொட்டு இழுக்கும் டெக்சாஸ் ரிக் (ஈயம் புழுவின் தலைக்கு நேர் மேலே வரும் அமைப்பு), கரோலினா ரிக் (ஈயம் புழுவிலிருந்து தள்ளி மேலே இருக்கும் அமைப்பு) பக்கம் வந்திருக்கிறேன். முள், ரப்பர் புழு எல்லாம் சரியாக அமைந்துவிட்டது, ஈயம்தான் குழப்புகிறது. 3.5 கிராம் போட்டால் தரையைத் தொட்டதா இல்லையா என்றே தெரிவதில்லை, காற்றடித்தால் தூண்டில் நரம்பு வில்லாக வளைந்து மொத்தமும் பக்கவாட்டில் நகர்ந்துவிடுகிறது. 14 கிராம் போட்டால் தரை தெரிகிறது, ஆனால் ஒவ்வொரு இழுப்புக்கும் பாசியை அள்ளிக்கொண்டு வருகிறது. ஆழம் 2 மீட்டரிலிருந்து 6 மீட்டர் வரை, கொஞ்சம் கல், கொஞ்சம் பாசி, ஓட்டம் கிட்டத்தட்ட இல்லை. ராடு மீடியம் ஹெவி (ஓரளவு விறைப்பானது), நரம்பு பிரெய்டு (இழைகளைப் பின்னியது). இவ்வளவு ஆழத்துக்கு இவ்வளவு எடை என்று ஏதாவது கணக்கு உண்டா? ஈயத்துக்குப் பதில் டங்ஸ்டன் உலோகக் குண்டுக்குக் கூடுதல் காசு கொடுப்பது உண்மையில் பயன் தருமா?

தக்கை:
ஆழத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட முடியாது நண்பா. ஆழம், காற்று, நரம்பின் தடிமன், தரை எப்படிப்பட்டது, இந்த நான்கும் சேர்ந்துதான் எடையைச் சொல்லும். நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: தரை கைக்குத் தெரிய வேண்டும், அப்படித் தெரிகிற எடைகளிலேயே குறைந்தது எதுவோ அதைப் போடுவேன். ஏனென்றால் பாஸ் பெரும்பாலும் புழு கீழே இறங்கும்போதே கவ்விவிடும். லேசான ஈயத்தில் புழு மெதுவாக இறங்கும், மீனுக்குப் பார்க்க நேரம் கிடைக்கும். தண்ணீர் குளிர்ந்து மீன் மந்தமாக இருக்கும்போது இது பெரிய வித்தியாசம்.

டெக்சாஸ் ரிக்குக்கு நீங்கள் சொல்லும் இடத்தில் 7 கிராமில் தொடங்குங்கள். 2 மீட்டர் ஆழத்தில் காற்றில்லாத நேரம் 5 கிராமுக்கு இறங்கலாம், 6 மீட்டரில் காற்றும் இருந்தால் 10 கிராம்.

ஆனால் எடையை மாற்றுவதற்கு முன்னால் நரம்பைக் கவனியுங்கள். வீசியதும் நரம்பு தண்ணீரில் விழுந்த இடத்தையே பாருங்கள், ஈயம் இறங்கும்வரை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும், தரையைத் தொட்ட நொடியில் நின்று தளர்ந்துவிடும். அந்தத் தளர்ச்சிதான் உங்களுக்கு வேண்டிய தகவல். வழக்கமாக நிற்கிற நேரத்துக்கு முன்பே நின்றாலோ, பக்கவாட்டில் ஓடினாலோ மீன் எடுத்துவிட்டது என்று அர்த்தம், தளர்வைச் சுருட்டிவிட்டு, முள் மீனில் ஏற ராடை உடனே வெட்டி இழுங்கள். இன்னொன்று, பிரெய்டு மிதக்கும், காற்று அதைத்தான் முதலில் பிடிக்கும். முனையில் ஒரு நீளம் ஃப்ளூரோகார்பன் லீடர் (தண்ணீரில் மூழ்கும் தனி நரம்புத் துண்டு) கட்டி, ராடு முனையைத் தண்ணீருக்குக் கிட்டத்தில் தாழ்த்தி வைத்தால் அந்த வில் பாதி குறைந்துவிடும். அப்புறம் ஈயத்தைக் கூட்ட வேண்டிய தேவையே சில நாள் இருக்காது.

அடிமண்:
தக்கை சொன்னது டெக்சாஸ் ரிக்குக்கு முழுக்கச் சரி. கரோலினா ரிக்குக்கு அதே விதியைக் கொண்டுபோகாதீர்கள், அங்கே நான் நேர் எதிர்ப்பக்கம். கரோலினாவில் ஈயம் ஸ்விவலுக்கு (நரம்பையும் லீடரையும் இணைக்கும் சுழல் வளையம்) மேலே இருக்கிறது, புழு அதிலிருந்து அரை மீட்டர், ஒரு மீட்டர் தள்ளி லீடரில் தனியாக வருகிறது. ஈயம் எவ்வளவு வேகமாக இறங்கினாலும் புழு அதன் பின்னால் மெதுவாக மிதந்துதான் வரும். அதனால் லேசான ஈயத்தின் லாபம் அங்கே மிகக் குறைவு, நஷ்டம்தான் அதிகம். 14 கிராமுக்குக் கீழே நான் இறங்குவதில்லை, 6 மீட்டரில் 21 கிராம்கூடப் போடுவேன். தூரம் போகும், தரையை விட்டு எழும்பாது, மணலிலிருந்து கல்லுக்கு மாறுகிற இடம் கையிலேயே தெரியும். மென்மையான சேற்றில் ராடு முனை கனமாக, சத்தமில்லாமல் இழுபடும், சரளைக்கல்லில் முனை விடாமல் துடிக்கும். அந்த மாறுகிற விளிம்பில்தான் பாஸ் நிற்கும், அதைத் தேடுவதற்குத்தான் இந்த ரிக்கே. ராடில் அச்சடித்திருக்கும் லூர் எடை வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஈயமும் புழுவும் சேர்த்துத்தான் கணக்கு.

பாசி இருக்கும் இடத்தில் கரோலினா வேண்டவே வேண்டாம். அங்கே டெக்சாஸ், குண்டு வடிவ ஈயம், மேலே ஒரு ஸ்டாப்பர் (ஈயம் நரம்பில் ஓடாமல் தடுக்கும் சிறு தடை) போட்டு ஈயத்தைப் புழுவின் தலையோடு நிறுத்திவிடுங்கள். ஈயம் தனியாக ஓடினால் பாசித்தண்டின் ஒரு பக்கம் அதுவும் மறுபக்கம் புழுவும் தொங்கும்.

கரையோரம்:
டங்ஸ்டன் பற்றி யாரும் சொல்லவில்லை. சந்தையில் வருகிற டங்ஸ்டன் குண்டு ஈயத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அடர்த்தியானது, அதனால் அதே 10 கிராம் சிறியதாக இருக்கும், பாசிக்குள் எளிதாக நுழையும். கடினமானதும்கூட. ஈயம் கல்லில் பட்டால் கொஞ்சம் நசுங்கி அதிர்வை விழுங்கிவிடும், டங்ஸ்டன் 'டிக்' என்று கைக்கு அனுப்பும். உங்கள் பிரச்சினையே தரை தெரியவில்லை என்பதுதானே, அப்படியானால் டெக்சாஸ் ரிக்குக்கு வாங்கலாம். வாங்கும்போது துளையின் விளிம்பை நகத்தால் தடவிப் பாருங்கள், கூராக இருந்தால் நரம்பை அறுக்கும். கல்லிடுக்கில் அடிக்கடி சிக்கி அறுந்துபோகிற இடம் என்றால் அங்கே டங்ஸ்டன் வீண் செலவு.

ஆனால் எனக்குப் பெரிய காரணம் வேறு. அறுந்துபோன சின்ன ஈயத்தை நீர்ப்பறவைகள் கூழாங்கல் என்று விழுங்கி, நஞ்சேறிச் சாகின்றன. அன்னங்கள் இப்படிச் செத்ததால்தான் பிரிட்டனில் 1987 முதல் 28.35 கிராம் வரையிலான பெரும்பாலான ஈய எடைகளை விற்பது நிறுத்தப்பட்டது. சிறிய எடைகளுக்காவது ஈயத்தை விட்டுவிடுங்கள், டங்ஸ்டன் முடியாவிட்டால் எஃகு இருக்கிறது. எஃகு அளவில் கொஞ்சம் பெரியது, கரோலினாவுக்கு அது ஒரு குறையே இல்லை.

நீர்க்காகம்:
மிக்க நன்றி. இரண்டு ரிக்கையும் ஒரே கணக்கில் பார்த்ததுதான் சிக்கல் என்று இப்போது புரிகிறது. பாசிக்கு 7, 10 கிராம் டங்ஸ்டன், திறந்த தரைக்கு 21 கிராம் எஃகு என்று வாங்கப்போகிறேன். கரோலினாவில் ஈயத்துக்கும் ஸ்விவலுக்கும் நடுவில் மணி (நரம்பில் கோக்கும் துளையிட்ட சிறு உருண்டை) கட்டாயமா?

அடிமண்:
கட்டாயம் போடுங்கள். ஈயம் ஒவ்வொரு இழுப்பிலும் ஸ்விவல் முடிச்சில்தான் வந்து மோதும், 21 கிராம் மோதினால் முடிச்சு சீக்கிரம் நைந்துவிடும். எஃகு குண்டோடு கண்ணாடி மணி போட்டால் சத்தமும் கிடைக்கும், கலங்கல் தண்ணீரில் அது உதவும்.