ஜூலையில் ராமேஸ்வரம்: குழந்தைகளைக் கடலில் இறக்கலாமா?

கோவை கவிதா:
ஜூலை கடைசியில் ராமேஸ்வரம் வருகிறோம். பையனுக்கு 11, பெண்ணுக்கு 7. பையன் நீச்சல் குளத்தில் நன்றாக நீந்துவான், கடலில் இறங்கியதே இல்லை. தனுஷ்கோடியில் குளிக்கணும், படகு ஓட்டணும் என்று இரண்டும் ஒரே பிடிவாதம். காற்றடைக்கிற ரப்பர் படகு ஒன்று வாங்கியிருக்கிறேன். கொண்டுவரலாமா?

தங்கச்சிமடத்தான்:
ரப்பர் படகை வீட்டிலேயே வைத்துவிட்டு வாங்கம்மா.

தனுஷ்கோடி ரோட்டில் போகும்போது வலப்பக்கம் மன்னார் வளைகுடா, இடப்பக்கம் பாக் நீரிணை. நாங்கள் ஆண் கடல், பெண் கடல் என்போம். ஜூலையில் ஆண் கடல் கொந்தளிக்கும், அந்தப் பக்கம் காலே வைக்காதீர்கள். அரிச்சல்முனையில் குளிக்கவே தடை. இரண்டு கடலும் சேர்கிற இடம், நீரோட்டம் கடுமை, காலடி மணல் சட்டென்று சரியும்.

சரி, பெண் கடல் குளம் மாதிரி இருக்கிறதே என்பீர்கள். நான் பயப்படுவது அதற்குத்தான். ஆடிக் காற்று தென்மேற்கிலிருந்து வருகிறது. தீவின் வடகரையில் அது கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும். அதனால்தான் கரையோரம் அலையே இருக்காது. மிதக்கிற எதையும் வெளியே கொண்டுபோய்விடும்.

என் அக்கா மகனுக்கு அப்போது எட்டு வயது. ஓலைக்குடா பக்கம் லாரி டியூபில் உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். முழங்கால் தண்ணீர்தான். செருப்பு மிதந்து போகிறதே என்று ஒரு நிமிடம் கையை எடுத்தேன். நிமிர்வதற்குள் டியூப் எட்டாத தூரம் போய்விட்டது. ஓட ஓட அது போய்க்கொண்டே இருந்தது. கழுத்தளவு தண்ணீரில் நின்று கத்தினேன். வலை எடுத்துத் திரும்பிய ஒரு வள்ளக்காரர்தான் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தார். அவன் அழவில்லை. டியூப் வால்வை இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கையில் அதன் அச்சு வட்டமாகப் பதிந்திருந்தது.

படகு ஓட்டணும் என்றால் பயிற்சியாளர் கூட வருகிற இடத்தில் மட்டும், லைஃப் ஜாக்கெட் போட்டு. முதலில் காற்றை எதிர்த்துப் போகணும், அப்போதுதான் களைத்துத் திரும்பும்போது காற்று கரைக்குத் தள்ளும். கவிழ்ந்தால் படகை விடக்கூடாது. துடுப்பு போனால் போகட்டும்.

பாம்பன் நர்ஸ்:
அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. ஒன்று சேர்க்கிறேன். மணலில் திருக்கை புதைந்து கிடக்கும், காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள், அது விலகிவிடும். குத்திவிட்டால் பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் காலை வைத்து ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள். சொறி, அதாவது ஜெல்லி மீன், பட்டால் கடல் தண்ணீரிலேயே கழுவுங்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள், மணல் போட்டுத் தேய்க்காதீர்கள். மூச்சுத் திணறினால் உடனே 108.

கோவை கவிதா:
படிக்கும்போதே கை நடுங்கிவிட்டது அண்ணா. படகைப் பரணில் ஏற்றிவிட்டேன். அப்போ குழந்தைகள் எங்கே குளிக்கட்டும்?

தங்கச்சிமடத்தான்:
அக்னி தீர்த்தத்தில் குளிக்கட்டும்மா. விடிந்ததும் போய்விடுங்கள், வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். ஆடி அமாவாசை அன்று மட்டும் வேண்டாம், கூட்டத்தில் பிள்ளை கண்ணில் படாது. பையனுக்கு இடுப்பளவு, சின்னவளுக்கு முழங்காலளவு. நீங்கள் அவளுக்குக் கடல் பக்கமாக நில்லுங்கள், கரைப் பக்கம் இல்லை. கடலில் யாராவது மாட்டிக்கொண்டதைப் பார்த்தால் 1554, கடலோரக் காவல் படை எடுப்பார்கள். இப்போதே போனில் பதிந்துவிடுங்கள்.