அடுக்குமாடியில் சிட்டுக்குருவிக்குப் பெட்டி வைக்கலாமா?

தாழ்வாரம்:
சென்னைப் புறநகரில் நாலு மாடிக் குடியிருப்பு எங்களுடையது. மார்ச் 20 சிட்டுக்குருவி நாளுக்கு வீட்டுக்கொரு கூட்டுப்பெட்டி கொடுக்கச் சங்கத்தில் பேச்சு நடக்கிறது. பிளைவுட் பெட்டி, முன்னால் பெரிய ஓட்டை, அதன் கீழ் உட்கார ஒரு குச்சி. பணம் உறுப்பினர்களுடையது. செலவழிக்கலாமா, வேண்டாமா?

வேலிப்பருத்தி:
வேண்டாம். சிட்டுக்குருவி தானியம் தின்னும், சரி. ஆனால் பொரித்த குஞ்சுக்கு முதல் சில நாள் அது ஊட்டுவது புழுவும் பூச்சியும்தான். கட்டடத்தைச் சுற்றி பேவர் பிளாக், வேலியோரம் ஒரு செடி இல்லை, அப்புறம் கொசுவுக்குப் புகை மருந்து. இப்படி ஒரு இடத்தில் பெட்டிக்குள் முட்டையிட்டாலும் குஞ்சு எதைத் தின்று வளரும்? முன்பெல்லாம் முறத்தில் புடைக்கும்போது நொய் சிந்தும், மளிகைக் கடையில் சாக்கு வாய் திறந்தே இருக்கும். இன்று எல்லாம் பாக்கெட். இதையெல்லாம் விட்டுவிட்டுப் பெட்டியை மாட்டினால் நமக்கு மனநிறைவு, குருவிக்கு ஒன்றுமில்லை.

தச்சுப்பட்டறை:
நான் பெட்டி செய்கிறவன், என் பக்கத்தையும் சொல்கிறேன். சிட்டுக்குருவி பெரும்பாலும் பொந்து, இடுக்கு தேடித்தான் கூடு வைக்கும். ஓட்டு வீட்டில் கைமர இடுக்கு இருந்தது, சாமி படத்துக்குப் பின்னால் இடம் இருந்தது, சாரம் கட்டிய ஓட்டையைக்கூட அடைக்காமல் விட்டிருப்பார்கள். இன்றைய கான்கிரீட், கண்ணாடிச் சுவரில் விரல் நுழைய இடமில்லை. அரிசி மண்டி, கோழித்தீவனக் கடைப் பக்கம் போய்ப் பாருங்கள்: தீனி இருக்கும், குருவி இருக்கும், கூடு வைக்க இடம் இருக்காது. அங்கே பெட்டி வைத்தால் கட்டாயம் பயன் உண்டு.

ஆனால் தாழ்வாரம் சொல்லும் பெட்டி தப்பு. துளை 32 மில்லிமீட்டர் போதும்; பெரிதாக இருந்தால் மைனா பிடித்துக்கொள்ளும். குச்சியே வேண்டாம், காக்கையும் அணிலும் நின்று கைவைக்க அதுதான் வசதி. தகரம் கூடவே கூடாது, கோடையில் குஞ்சு வெந்துவிடும். மேற்கு வெயில் படாத சுவர், பூனை எட்டாத உயரம், அடியில் தண்ணீர் வடிய சிறு ஓட்டைகள், பருவம் முடிந்ததும் பழைய கூட்டை எடுத்துச் சுத்தம் செய்யத் திறக்கும் பலகை. இவ்வளவும் வேண்டும்.

மொட்டைமாடி:
செல்போன் டவரை யாரும் பேசவில்லையே? அதை எடுக்காமல் எந்தப் பெட்டி வைத்து என்ன?

தச்சுப்பட்டறை:
டவர் இல்லாத கிராமம் இன்று எங்கே இருக்கிறது? அங்கெல்லாம் குருவி கத்திக்கொண்டுதானே இருக்கிறது. 2020இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, நாட்டளவில் சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது, சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில்தான் குறைகிறது என்றது. நகரத்தில் என்ன மாறியது என்று பார்த்தால் எனக்கு முதலில் தெரிவது கட்டடம்தான். அதே 2020இல் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் தெருவிளக்கு சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு சிறு பறவை முட்டையிட்டது. குஞ்சு பறக்கும்வரை, ஒரு மாதத்துக்கு மேல், ஊரே விளக்குப் போடாமல் இருந்தது. பெட்டி கிடைத்தால் பறவை வரும்.

வேலிப்பருத்தி:
அந்த ஊரில் யாரும் கூட்டுப்பெட்டி வாங்கி மாட்டவில்லையே! சுற்றிலும் செடியும் பூச்சியும் இருந்ததால் சுவிட்சுப் பெட்டியே போதுமானதாக இருந்தது. மனிதர்கள் செய்தது, தொந்தரவு பண்ணாமல் ஒதுங்கியதுதான். நீங்கள் சொன்ன கதை என் பக்கம்தான் பேசுகிறது.

கூகை:
எல்லாரும் சிட்டுக்குருவியோடு நிற்கிறீர்கள். மலேசியாவில் செம்பனைத் தோட்டங்களில் கம்பம் நட்டுக் கூகை ஆந்தைக்குப் பெட்டி வைக்கிறார்கள், எலியைப் பிடிக்க. தீனி ஏராளம், பொந்து இல்லை என்ற இடத்தில் பெட்டி எப்படி உதவும் என்பதற்கு அதுதான் சரியான எடுத்துக்காட்டு. நம் ஊரிலோ இருக்கும் பொந்தையே அழிக்கிறோம். தலை போன மொட்டைப் பனையில் பனங்காடையும் கிளியும் குஞ்சு பொரிக்கும். பட்ட மரம் என்று அதைச் சூளைக்கு விற்றுவிட்டு, பிறகு கடையில் பெட்டி வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

தாழ்வாரம்:
எங்கள் பின்பக்க மளிகைக் கடையோரம் குருவிகள் வருகின்றன, முன்பக்கம் இல்லை. பின்பக்கச் சுவரில் மட்டும் கொஞ்சம் பெட்டி, மீதிப் பணத்தில் வேலியோரம் மருதாணியும் செம்பருத்தியும் என்று கேட்கப் போகிறேன்.

வேலிப்பருத்தி:
புகை மருந்தை நிறுத்துவதையும் தீர்மானத்தில் எழுதுங்கள். தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் கொசு குறையும். அதற்குச் சம்மதிக்காவிட்டால் ஒரு பெட்டிகூட வேண்டாம் என்பேன்.

தச்சுப்பட்டறை:
அதற்காகக் காத்திருந்தால் இந்தக் கோடையும் போய்விடும். புகை மருந்து வாக்குவாதம் ஒருபக்கம் நடக்கட்டும், பின்பக்கச் சுவரில் இப்போதே மாட்டுங்கள்.